ரேடியோ போர்டில் நான் வைத்த பொட்டு

தம்பி,

இதை உட்கார்ந்து படி. கிடங்கில் ஷிப்ட் முடிந்து, குளித்து, சாப்பிட்டுவிட்டுப் படி. போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். மூன்று முறை போனை எடுத்தேன். எடுத்ததும் நீ "சாப்டியாம்மா" என்பாய், நான் "சாப்ட்டேன்டா" என்பேன், அதற்கப்புறம் பேச்சு மழை, மாடு, உன் ரூமில் தண்ணீர் வருகிறதா என்றே போய்விடும். நடுவில் "சரிம்மா, வெக்கறேன்" என்று நீ வைத்தும் விடுவாய். எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது, நானும் நழுவ முடியாது. அதனால் உன் பழைய நோட்டிலிருந்தே தாள் கிழித்து எழுதுகிறேன்.

துபாய் கிடங்கு வேலைக்கான ஒப்பந்தத்தில் நீ இந்த மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போடவேண்டும் என்று எனக்குத் தெரியும். கோயம்புத்தூரில் உன் கல்லூரித் தோழன் விவசாயத்துக்கான கருவிகள் செய்ய ஒரு சின்னப் பட்டறை ஆரம்பித்து, உன்னைக் கூட வரச்சொல்லிக் கூப்பிட்டதும் தெரியும். எப்படித் தெரியும் என்றால், பொங்கலுக்கு வந்திருந்தபோது நீ மாட்டுக்கொட்டகைப் பக்கம் நின்று அவனோடு போனில் பேசினாய். அந்தப் பக்கம் நான் சாணி அள்ளிக்கொண்டிருந்தேன். ஒட்டுக்கேட்கவில்லை, நீதான் ஊருக்கே கேட்கிற மாதிரி பேசினாய். "எனக்கு அதெல்லாம் வராதுடா. நான் செஞ்சது ஒண்ணே ஒண்ணு, அதுவும் ஓடல. நீ வேற ஆளப் பாரு" என்றாய். கையிலிருந்த கூடையை அப்படியே கீழே வைத்துவிட்டேன். நீ செய்தது ஓடாமல் போனதற்குக் காரணம் நீ இல்லை, தம்பி. நான்தான். ஆறு வருஷமாகத் தெரிந்தே மறைத்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கூடவே இன்னொன்றும் சொல்லவேண்டும். அது இப்போது ஓடுகிறது. நீ செய்தது, நீ செய்தபடியே, நம் வீட்டிலிருந்து கழனி வரைக்கும் ஓடுகிறது. ஓடவைத்தது உன் அம்மா.

நடந்ததை என் பக்கத்திலிருந்து முதலிலிருந்து சொல்கிறேன், உனக்குத் தெரிந்த இடமாக இருந்தாலும் தாண்டிப் போகாதே. நம் குருவிநத்தம் கழனி ஆற்றோரம் இருக்கிறது, வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல். மோட்டாருக்கு வேண்டிய மூன்று பேஸ் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. வந்துவிட்டதா என்று பார்க்கவே உன் அப்பா ஒரு நாளைக்கு நாலு தடவை மோட்டார் கொட்டகைக்குப் போய்வருவார். கடைசி வருஷப் படிப்பில் நீ அதற்கு ஒரு வழி கண்டாய். உள்ளங்கை அகலத்தில் இரண்டு சர்க்யூட் போர்டு. ஒவ்வொன்றின் மேலும் சொருகுகிற மாதிரி, தபால்தலை அளவுக்கு ஒரு ரேடியோ மாட்யூல். அதற்கு ஒரு தகர மூடி, பக்கத்தில் ஆன்டெனா மாட்ட ஒரு பித்தளைத் திருகு. கொட்டகையில் கரண்ட் வந்ததும் அங்கேயிருக்கும் போர்டு ரேடியோவில் சொல்லும், வீட்டிலிருக்கும் போர்டில் பச்சை விளக்கு எரியும். சிம் கார்டு வேண்டாம், செல்போன் டவர் வேண்டாம். "வெறும் காத்துலியே போயிடும்மா" என்று நீ சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. முதலில் தெருக்கோடி வரைக்கும் போனது. அடுத்த வாரம் பஸ் நிறுத்தம் வரைக்கும் போனது. நீ பஸ் நிறுத்தத்திலிருந்து சைக்கிளில் வந்து இறங்கிய வேகத்தில் வாசலில் காய்ந்த நெல்லில் சக்கரம் ஏறியது, உன் அப்பா கத்தினார், உனக்குக் காதிலேயே விழவில்லை. அடுத்தது கழனிதான் என்றாய். நடுவில் ஆயுத பூஜை வந்தது.

திருபுவனை எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் பதினெட்டு வருஷம் நான் என்ன வேலை பார்த்தேன் என்று உனக்குத் தெரியும். லைனில் வரும் போர்டுகளை லென்ஸ் விளக்குக்குக் கீழே வைத்துக் குறை தேடுவது, அழுக்கு இருந்தால் ஸ்பிரிட்டும் பிரஷும் வைத்துக் கழுவுவது. கையில் பவுடர் வாசனையோடு வந்த பெண்ணை லைனிலிருந்து எழுப்பிக் கைகழுவ அனுப்பியவள் நான். வேர்வைக் கை பட்டாலே போர்டு கெடும் என்று புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலித்தவள். அதனால்தான் அன்று காலையில் நீ, "எம்மா, எல்லாத்துக்கும் பொட்டு வெய்யி, போர்டுக்கு மட்டும் வேணாம்" என்று சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. "எனக்கே சொல்றியாடா?" என்று கேட்டேன். நீயும் சிரித்துக்கொண்டே பொரி வாங்கப் போய்விட்டாய். அருவாளுக்கு வைத்தேன், மண்வெட்டிக்கு வைத்தேன், மிக்சிக்கு, தையல் மிஷினுக்கு, உன் அப்பாவின் வண்டிக்கு, உன் லேப்டாப் மூடிக்கு என்று எல்லாவற்றுக்கும் வைத்துவிட்டுத் திரும்பினேன். மேஜைமேல் உன் இரண்டு போர்டும் மொட்டையாக இருந்தன. வீட்டில் ஒரு கரண்டி பாக்கியில்லாமல் பொட்டு வைத்தாயிற்று. இன்னும் பத்து நாளில் என் பிள்ளை எதைக் கையில் எடுத்துக்கொண்டு கல்லூரியில் நாலு பேர் முன்னால் நிற்கப்போகிறானோ, அதற்கு மட்டும் இல்லை. மனசு கேட்கவில்லை, தம்பி. என்ன ஆகும் என்று தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்கமாட்டேன். தெரிந்துதான் செய்தேன். துளியூண்டு வைத்தால் ஒன்றும் ஆகாது என்று, லைனில் யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொண்டிருக்காத ஒரு சமாதானத்தை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தத் தகர மூடி வேறு பொட்டு வைப்பதற்கென்றே செய்த மாதிரி வழவழவென்று இருந்தது. சந்தனத்தைக் கொஞ்சம் நீர்க்கக் கரைத்துவிட்டேன் போல. வைத்த உடனே மூடியின் ஓரத்தில் வழிந்து, ஆன்டெனாத் திருகின் அடிக்குப் போனது. மேலே வைத்த குங்குமமும் கூடவே போனது. அவசர அவசரமாக முந்தானையால் துடைத்தேன். மேலே பார்த்தால் சுத்தமாக இருந்தது.

நீ பொரியோடு வந்து, "போர்டுல வெக்கலயேம்மா?" என்று கேட்டாய். "வெக்கல" என்றேன். அவ்வளவு சுலபமாக வாயிலிருந்து வந்தது.

இரண்டு நாள் கழித்து நீ போர்டை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனாய். பக்கத்து வீட்டு வாசலைத் தாண்டவில்லை. புரோகிராமில் ஏதோ மாற்றியிருந்தாயாம், அதனால் என்று நினைத்தாய். பழைய புரோகிராமைத் திரும்பப் போட்டாய், அப்போதும் போகவில்லை. என்னிடம் வந்து, "எம்மா, இத யாராவது தொட்டாங்களா? கீழ விழுந்துதா?" என்று கேட்டாய். நான் அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். "யாரும் தொடலியே" என்றேன். ஒரு குவாலிட்டி இன்ஸ்பெக்டர் சொன்ன வார்த்தை என்று அதை நீ அப்படியே நம்பினாய். போர்டில் குறையில்லை என்று முடிவுகட்டிவிட்டு, அந்த ஒரு வாரமும் உன் மூளையில் குறை தேடினாய். கடைசியில், "முன்னாடி பஸ் ஸ்டாப் வரைக்கும் போனதே குருட்டு அதிர்ஷ்டம்மா" என்று சொன்னாய் பார், அந்த வார்த்தையை நான் அடுப்படியில் நின்று கேட்டேன். கேட்டுக்கொண்டு குழம்பைக் கிளறினேன்.

கல்லூரியில் செய்துகாட்டிய அன்று சாயங்காலம் வில்லியனூரில் பஸ் மாறி வந்தாய், போர்டு வைத்த பெட்டி மடியில் இருந்தது என்று உன்னோடு வந்தவர்கள் சொன்னார்கள். "டேபிள்ல ஓடுச்சு. வராண்டாவுக்கு எடுத்துப்போனா நின்னுடுச்சு. வேலைக்கு ஆள் எடுக்க வந்த கம்பெனிக்காரங்க அடுத்த டேபிளுக்குப் போயிட்டாங்க" என்றாய். அவ்வளவுதான் சொன்னாய். உன் அப்பா அன்று நாலாவது முறையாகக் கழனிக்குப் போய்த் திரும்பியிருந்தார், கரண்ட் வரவில்லை. அந்த எரிச்சலில், "நாலு வருசம் படிச்சிட்டு ஒரு வெளக்கு எரிய வெக்க முடியல" என்றார். நீ சாப்பிடாமல் படுத்தாய். அப்போது நான் எழுந்து வந்து, "அவன் மேல தப்பில்ல, நான்தான்" என்று சொல்லியிருந்தால் இரண்டு பேரும் என்னைத் திட்டியிருப்பீர்கள். இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பீர்கள். மூன்றாம் நாள் நீ போர்டைக் கழுவியிருப்பாய். இரண்டு நாள் திட்டுக்குப் பயந்து ஆறு வருஷத்தை இழுத்துவிட்டேன். நீ பட்டம் வாங்கினாய், வாங்கிய கையோடு ஸ்ரீபெரும்புதூர் கிடங்கில் சேர்ந்தாய், பெட்டியை பீரோ மேலே போட்டுவிட்டுப் போனாய். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் சந்தனம் கரைக்கும்போது தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக எண்ணி விடுவேன். ஒரு தப்பை அன்றைக்கே சொன்னால் ஒரு வாக்கியத்தில் முடிந்துவிடுகிறது. தள்ளிப்போட்டால் பார், இத்தனை பக்கம் எழுதவேண்டியிருக்கிறது.

பொங்கல் முடிந்து நீ ஊருக்குப் போன மறுநாள் ஸ்டூல் போட்டு ஏறி பெட்டியை இறக்கினேன். இரண்டு போர்டு, இரண்டு ஆன்டெனா, ஒரு கொத்து ஒயர், உன் நோட்டு. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பூதக்கண்ணாடியையும் பிடித்துக்கொண்டு, மாட்யூலை அதன் சாக்கெட்டிலிருந்து மெல்ல நெம்பி எடுத்துத் திருப்பினேன். ஆன்டெனாத் திருகின் அடியில் மஞ்சளும் சிவப்புமாக ஒரு பொருக்கு, ஓரத்தில் செம்பு பச்சை பூத்திருந்தது. இரண்டு போர்டிலும் அதே இடம், இரண்டுக்கும் பாரபட்சம் இல்லாமல் வைத்திருக்கிறேன். நம் போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம், குங்குமத்தில் சுண்ணாம்பு. ஈரம் காய்ந்தாலும் அது போகாது. வாய்க்கால் கரையில் நண்டு வளை இருந்தால் தண்ணீர் நம் கழனிக்கு வந்து சேருவதற்குள் பக்கத்துக் கழனிக்குக் கசிந்துவிடுமே, அந்த மாதிரி ஆன்டெனாவுக்குப் போகவேண்டிய சிக்னல் வழியிலேயே கசிந்திருக்கிறது. பதினெட்டு வருஷத்தில் எத்தனையோ போர்டுகளைத் தள்ளியிருக்கிறேன், லென்ஸில் பார்ப்பதற்கு முன்னாலேயே காரணம் தெரிந்த போர்டு இது ஒன்றுதான். உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். அப்புறம் எழுந்து ஒரு பழைய பல் பிரஷைத் தேடி எடுத்து, அதன் மயிரைப் பாதியாக வெட்டினேன்.

ராஜேஸ்வரியை உனக்குத் தெரியும், என்னோடு கம்பெனி பஸ்ஸில் வருவாளே, ஏம்பலத்துக்காரி, டெஸ்டிங் செக்‌ஷனில் இன்னும் வேலையில் இருக்கிறாள். அவளுக்கு போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் சொன்னது அவளிடம்தான், உன்னிடம் இல்லை, அதற்கும் நீ கோபப்படலாம். "இன்னாக்கா நீ, போர்டுலியா பொட்டு வெச்ச? நீயா?" என்று கேட்டுவிட்டு, போனிலேயே ஒரு நிமிஷம் சிரித்தாள். ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரில் வந்தாள், புதுச்சேரிக் கடையில் போர்டு கழுவும் ஸ்பிரிட்டு ஒரு பாட்டில் வாங்கி வந்தாள். மூன்று முறை கழுவினேன். தேய்த்தேன், உலரவைத்தேன், லென்ஸில் பார்த்தேன், திரும்பவும் தேய்த்தேன். "போதும்க்கா, தோலை உரிச்சிடுவ போல" என்றாள். அவள் சொன்னால் நான் விடுவேனா, நான் சரி என்று சொன்னால்தானே சரி. நாலாவது முறை பார்த்தபோது செம்பு புதுசு மாதிரி மின்னியது.

கழுவியது எனக்குத் தெரிந்த வேலை. அதற்கப்புறம் வந்ததெல்லாம் தெரியாத வேலை. லட்சக்கணக்கில் போர்டுகள் என் கை வழியாகப் போயிருக்கின்றன, ஒன்றுகூட உயிரோடு இருந்து நான் பார்த்ததில்லை. எங்கள் லைனில் கரண்ட் கொடுக்கும் வேலை கிடையாது. உன் நோட்டைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில், ஆன்டெனா மாட்டாமல் கரண்ட் கொடுக்கக் கூடாது, மாட்யூல் வெந்துவிடும் என்று எழுதி மூன்று கோடு போட்டிருந்தாய். முதல் வேலையாக ஆன்டெனாவைத் திருகினேன். போர்டின் ஓரத்தில் ஒரு சின்ன கறுப்புத் தொப்பி, அதை மாற்றி மாட்டினால் மூன்று புள்ளி மூன்று வோல்ட், இல்லையென்றால் ஐந்து வோல்ட். ராஜேஸ்வரி, "அஞ்சுல வெய்க்கா, தூரமா போகும்" என்றாள். கையைத் தட்டிவிட்டேன். இந்த மாட்யூல் மூன்று புள்ளி மூன்றுக்கு மேல் தாங்காது என்று இரண்டாம் பக்கத்தில் நீ எழுதியிருந்தாய். உன் பழைய லேப்டாப்பின் பேட்டரி செத்துப்போயிருந்தது, பிளக்கில் சொருகினால்தான் எழுந்தது. ஒயரை மாட்டினோம், போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது, எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. லேப்டாப்போ எதுவுமே வரவில்லை என்கிறது. கழற்றி மாட்டினோம், பிளக்கை மாற்றினோம், லேப்டாப்பை அணைத்துப் போட்டோம், வெயில் ஏறி இட்லி மாவு பொங்கி வழிந்ததுதான் மிச்சம். ராஜேஸ்வரி ஒயரை எடுத்துப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "அக்கா, இது சார்ஜ் போடற ஒயரு. கரண்ட் மட்டும்தான் போவும். பேசற ஒயரு வேற." உன் பெட்டியின் அடியிலிருந்த இன்னொரு ஒயரைப் போட்டதும் லேப்டாப் டிங் என்றது.

அப்புறம் உன் புரோகிராம். அந்த ஃபோல்டரைத் திறந்தபோதுதான் அந்த ஒரு வாரம் நீ என்ன பாடுபட்டிருக்கிறாய் என்று கண்ணால் பார்த்தேன். ஃபைனல், ஃபைனல் இரண்டு, கடைசி ஃபைனல், உண்மையான ஃபைனல், சாமி சத்தியமா ஃபைனல் என்று பதினேழு ஃபைல். பதினேழும் பூஜைக்குப் பிறகு உண்டானவை. பதினேழு தடவை உன்னையே நீ அறுத்துத் தைத்திருக்கிறாய். ராஜேஸ்வரி கடைசி ஃபைலைப் போடலாம் என்றாள், அதுதானே திருத்தியது என்றாள். நான் தேதி வரிசையில் பின்னால் போகச் சொன்னேன். பூஜைக்கு முந்தின நாள் தேதியில் ஒரு ஃபைல் இருந்தது. "இதப் போடு" என்றேன். "இது முதல்ல எழுதனதுக்கா, இதுல தப்பு இருக்குமே" என்றாள். "அவன் மேல தப்பு இருந்தா அதுவும் தெரியட்டும். போடு" என்றேன். சும்மா சொல்லவில்லை. போர்டு கழுவியும் அந்தப் புரோகிராம் ஓடாமல் போனால், நீ மாட்டுக்கொட்டகையில் சொன்னது நிஜம் என்று நானே ஒப்புக்கொண்டிருப்பேன். அதில் ஒரு எழுத்தைக்கூட நாங்கள் தொடவில்லை. இரண்டு போர்டிலும் ஏற்றி, இரண்டுக்கும் சேனல் ஒரே எண்ணா என்று உன் நோட்டோடு ஒத்துப்பார்த்து, ஒன்றைக் கூடத்திலும் ஒன்றை மாட்டுக்கொட்டகையிலும் வைத்தோம். லேப்டாப் திரையில் ஒரு வரி வந்தது. அடுத்த வரி வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு வரிசையாக வந்துகொண்டே இருந்தது. ராஜேஸ்வரி மாட்டுக்கொட்டகைப் போர்டை அதன் பேட்டரியோடு எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். பக்கத்து வீட்டு வாசலைத் தாண்டினாள். தெருக்கோடியைத் தாண்டினாள். பஸ் நிறுத்தத்திலிருந்து போன் போட்டு, "அக்கா, எண்ணு வருதா?" என்று கத்தினாள். "வருதுடி! நிக்காம வருதுடி!" என்று நானும் கத்தினேன். மாடு மிரண்டு கட்டுத்தறியைச் சுற்றியது.

கழனிக்கு எடுத்துப்போக உன் அப்பாவைத்தான் அனுப்பவேண்டும். கொட்டகைச் சாவி அவர் இடுப்பில். சொன்னதும், "அன்னிக்கே ஓடாதது இன்னிக்கு ஓடப்போவுதா?" என்றார். ராஜேஸ்வரி என் முகத்தைப் பார்த்தாள். சொல்லிவிட்டேன். பொட்டு வைத்ததை, வழிந்ததை, துடைத்ததை, உன்னிடம் இரண்டு தடவை பொய் சொன்னதை, எல்லாவற்றையும் அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "கொண்டா" என்று வாங்கி, மடித்த துண்டுக்குள் வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார்.

பத்து நிமிஷத்தில் போன் வந்தது. "இன்னா, வருதா?"

"வர்ல. எங்க வெச்சீங்க?"

"ஸ்டார்ட்டர் பெட்டி மேல. கரண்ட் பாக்கற ஒயர அதுலயே மாட்டிட்டேன்."

"ஆன்டெனா நிமுந்து நிக்குதா, படுத்துகினு இருக்குதா?"

"படுத்துகினுதான் இருக்குது. ஏன், அதுக்கு உக்காரவும் தெரியுமா?"

"நேரா நிமித்தி வெய்ங்க!"

நிமிர்த்தினார். ஒரு எண் வந்தது, நாலு விட்டுப்போனது, மறுபடி ஒன்று வந்தது. கழனி வரை போகாமல் பாதியில் நின்றால் அப்புறம் என்ன எழுதி உனக்கு அனுப்புவது? நோட்டைப் புரட்டினேன். இரண்டு போர்டுக்கும் நடுவில் தண்ணீர் நிறைந்த பொருள் எது இருந்தாலும் சிக்னலைக் குடித்துவிடும், இரண்டு பக்கமும் எவ்வளவு உயரமோ அவ்வளவு நல்லது என்று எழுதியிருந்தாய். நடுவில் என்ன இருக்கிறது? கரும்பு. தலைக்கு மேல் வளர்ந்த கரும்பு, வெட்டுக்குத் தயாராக, உள்ளே முழுக்கச் சாறு. "ஒயரக் கழட்டாம கொட்டகைக் கூரை மேல ஏத்துங்க" என்றேன். நான் இந்தப் பக்கத்துப் போர்டை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன், என் முழங்கால் வலியை அன்று யாரிடம் விட்டுவிட்டுப் போனேனோ தெரியாது. தண்ணீர்த் தொட்டி மேல் வைத்து நிமிர்த்தினேன். ராஜேஸ்வரி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்து, மாடிப் பிளக்கில் சொருகிப் பார்த்துக்கொண்டு, "வருது... வருது... அக்கா, ஒண்ணுகூட வுடல! அத்தனயும் வருது!" என்று கூவினாள். போனை எடுத்தால் அந்தப் பக்கம் உன் அப்பா. மூச்சு மட்டும் கேட்டது. கூரை மேல் ஏறிய மூச்சு என்று அவர் இப்போதும் சாதிக்கிறார்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது. தொட்டி மேல் இருந்த போர்டில் பச்சை விளக்கு எரிந்தது. சொன்னால் சிரிப்பாய், அந்த வெயிலில் அதைக் கைபோட்டு மறைத்து மறைத்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். உன் அப்பா போனில், "கரண்ட் வந்துடுச்சு" என்று எனக்குச் சொல்ல வந்தார். "தெரியும்!" என்றேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து கரண்ட் விஷயத்தில் அவருக்கு முன்னால் எனக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

இத்தோடு முடியவில்லை. பக்கத்துக் கழனிக்காரர் கூரை மேல் உன் அப்பாவைப் பார்த்துவிட்டு விசாரித்து, மறுநாள் காலையில் வீட்டுக்கே வந்தார். விளக்கைப் பார்த்துவிட்டு, "எதோ தானா எரியுதுபோல இருக்குதுப்பா" என்று உதட்டைப் பிதுக்கினார். இங்கிருந்து நேரே நம் கொட்டகைக்குப் போய், அங்கேயிருந்த உன் அப்பாவிடம்கூடச் சொல்லாமல் மெயின் சுவிட்சை இறக்கினார். இங்கே விளக்கு அணைந்தது. அடுத்த நிமிஷம் நான் போன் போட்டு, "கரண்ட் போயிடுச்சா?" என்று கேட்டேன். உன் அப்பா, "இல்லியே, லைன்ல இருக்குதே" என்று திரும்பிப் பார்த்தால் அந்த மனிதர் சுவிட்சில் கை வைத்தபடி நிற்கிறார். "எனக்கும் ஒண்ணு செஞ்சு தரச் சொல்லுப்பா" என்றாராம். அதிலிருந்து உன் அப்பாவைப் பிடிக்க முடியவில்லை. டீக்கடையில், சொசைட்டியில், சர்க்கரை ஆலைக்கு லோடு ஏற்றும் இடத்தில், எங்கே பார்த்தாலும், "எம் புள்ள செஞ்சது" என்கிறார். கழுவியவள் நான், ஒயர் தேடியவள் நான், மாடிப்படி ஏறியவள் நான். ஒரு வார்த்தை என்னைப் பற்றி வரவேண்டுமே! போகட்டும். கெடுத்தவளும் நான்தான் என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, அதற்காக விட்டுவிட்டேன்.

நான் அதோடு நம்பிவிடவில்லை. ஒரு நாள் ஓடினால் போர்டு நல்லது என்று எழுத எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. பதினான்கு நாள் உன் நோட்டின் பின்பக்கத்தில் குறித்தேன். விளக்கு எத்தனை மணிக்கு எரிந்தது, கொட்டகையில் அவர் பார்த்தபோது கரண்ட் இருந்ததா, மழை, பனி, கரும்பு வெட்டியது எந்தப் பக்கம் வரை. பதினான்கு நாளும் விளக்கு ஒரு தடவைகூடப் பொய் சொல்லவில்லை. பெற்ற பாசத்தில் ஒரு போர்டை நான் நல்லது என்று எழுதமாட்டேன், ராஜேஸ்வரியைக் கேள். லைனில் அவள் தங்கை வேலை பார்த்த போர்டுகளையே ஒரு தட்டு முழுக்கத் தள்ளி, இரண்டு வருஷம் அவள் தங்கையிடம் பேச்சு வாங்கியவள் நான். அந்தக் கையால்தான் எழுதுகிறேன்: உன் போர்டு நல்லது. உன் புரோகிராம் நல்லது. முதல் தடவையே நல்லது.

நேற்று காலையில் உன் அப்பா சட்டை மாட்டிக்கொண்டே கேட்டார். "அன்னிக்கு அவன நான் இன்னா சொன்னேன்?" அவருக்கு மறக்கவில்லை, என் வாயால் கேட்கவேண்டும். "நாலு வருசம் படிச்சிட்டு ஒரு வெளக்கு எரிய வெக்க முடியலன்னு சொன்னீங்க" என்றேன். செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார். "லெட்டர் எழுதறியாமே. அதயும் எழுது. எழுதிட்டு, நான் சொன்னது தப்புன்னு சேத்து எழுது" என்றார். எழுதிவிட்டேன். அவர் போனில் இதைச் சொல்லமாட்டார், நீயும் கேட்காதே. போன் பண்ணினால் கரும்பு வெட்டைப் பற்றிக் கேள்.

இனி உன் பாடு. துபாய்க்குப் போ என்றோ போகாதே என்றோ சொல்ல நான் இதை எழுதவில்லை. கிடங்கு வேலையை நான் குறைவாக நினைக்கவில்லை, நீ அங்கே நாற்பது பேரை மேய்க்கிறாய், எனக்குப் பெருமைதான். பிடித்துப்போனால் போ, ஊறுகாய் போட்டுத் தருகிறேன். கோயம்புத்தூர்ப் பையனிடம் நேரமில்லை என்று சொல். புதுப் பட்டறையில் இறங்கப் பயமாக இருக்கிறது என்று சொல். அந்த வேலை எனக்கு வேண்டாம் என்றே சொல். எதைச் சொன்னாலும் நான் குறுக்கே வரமாட்டேன். "எனக்கு வராது" என்று மட்டும் சொல்லாதே. ஆறு வருஷமாக அந்தப் பொய் என்னுடையது. நான் உண்டாக்கி உன் வாயில் வைத்தேன், இன்று திரும்ப வாங்கிக்கொண்டுவிட்டேன். இதைப் படித்த பிறகும் நீ அதைச் சொன்னால், அது உன் பொய்.

அம்மா